வாசகர் கேள்வி – பதில்: பாரசீகத்தின் பழைய நகரங்களுக்குப் போகிறவர்களுக்கு

கேள்வி: நானும் என் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். எட்டு நாள் ஈரான் குழுப் பயணம் ஒன்றில் சேர எண்ணியிருக்கிறோம். டெஹ்ரான், காஷான், இஸ்ஃபஹான், யஸ்த், ஷிராஸ், பெர்செபோலிஸ் எல்லாவற்றையும் காட்டுவதாகச் சொல்கிறார்கள். எட்டு நாள் போதுமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: அத்தனை ஊர்களையும் தொட்டுவிட்டு வரப் போதும், நின்று பார்க்கப் போதாது. டெஹ்ரானில் தொடங்கி ஷிராஸில் முடியும் இந்த வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் என்பதால், பகற்பொழுதில் பெரும்பங்கு பேருந்திலேயே கழிந்துவிடும். நாட்களைக் கூட்ட முடியாதென்றால் டெஹ்ரானைக் குறையுங்கள். தேசிய அருங்காட்சியகத்துக்கும் கோலெஸ்தான் அரண்மனைக்கும் ஒரு பகல் தாராளம். அங்கே மிச்சமாகும் நேரத்தை இஸ்ஃபஹானுக்குக் கொடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஏற்பாட்டாளரிடம் இன்னொன்றையும் கேளுங்கள். யஸ்திலிருந்து ஷிராஸுக்குப் போகும் ஒரே நாளில், பழைய பாரசீகப் பேரரசின் தலைநகர்களான பசர்காதையையும் பெர்செபோலிஸையும் முடித்துவிடுவது பல பயணத் திட்டங்களின் வழக்கம். நானூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து களைத்த பிறகு, பொழுது சாயும் வேளையில், காவலர்கள் வெளியேறச் சொல்வதற்குள் பெர்செபோலிஸை ஓட்டமாகப் பார்ப்பது வீண். ஆறு படிகளின் மேல் அலங்காரம் எதுவுமின்றி நிற்கும் சைரஸ் மன்னனின் கல்லறைதான் பசர்காதையில் முதன்மையானது. அதை வழியில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம். பெர்செபோலிஸ் ஷிராஸிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். மறுநாள் விடியற்காலையில் புறப்பட்டுப் போய் ஒரு முழு முற்பகலை அங்கே செலவிடுங்கள். நிழல் என்பதே இல்லாத இடம் அது. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம் வேண்டும்.

நம் நாட்டு வங்கி அட்டைகள் அங்கே செல்லாது. முழுச் செலவுக்குமான பணத்தை டாலராகவோ யூரோவாகவோ கையில் கொண்டுபோக வேண்டும். விசா விதிகளும் பாதுகாப்பு நிலையும் அடிக்கடி மாறுகின்றன. முன்பணம் கட்டும் நாளிலும் புறப்படும் வாரத்திலும் நமது வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையைப் படித்துவிடுங்கள். அமைச்சகம் வேண்டாம் என்று சொல்லும் காலத்தில் எந்த ஏற்பாட்டாளரின் உறுதிமொழியையும் நம்பிப் புறப்பட வேண்டாம்.

கேள்வி: இஸ்ஃபஹானின் பெரிய சதுக்கத்தில் எதை முதலில் பார்ப்பது? வழிகாட்டி ஒரு மணி நேரம்தான் தருவார் என்கிறார்கள். (கோவை வாசகி)

பதில்: ஒரு மணி நேரம் என்றால் ஷேக் லுத்ஃபுல்லா மசூதிக்கு மட்டும் போங்கள், மற்றதற்கு மாலையில் தனியாகத் திரும்பி வாருங்கள்.

பாரசீக மன்னன் ஷா அப்பாஸ் 1598இல் தலைநகரை இஸ்ஃபஹானுக்கு மாற்றி, ஏறத்தாழ 560 மீட்டர் நீளமும் 160 மீட்டர் அகலமும் கொண்ட நக்ஷ்-எ-ஜஹான் சதுக்கத்தை அமைத்தான். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பொருள் பொதிந்த கட்டடம் உண்டு: தெற்கே ஊருக்கான பெரிய மசூதி, மேற்கே அலி காபு அரண்மனை, வடக்கே கைசரிய்யே கடைத்தெருவின் வாயில், கிழக்கே இந்தச் சிறிய மசூதி. அரச குடும்பத்துக்கென்று கட்டப்பட்டது என்பதால் இதற்கு மினாரும் இல்லை, முற்றமும் இல்லை. 1602 வாக்கில் தொடங்கிய பணி 1619இல் நிறைவடைந்தது.

வாயிலைத் தாண்டியதும் நேரே தொழுகைக் கூடத்துக்குள் போக முடியாது என்பதைக் கவனியுங்கள். சதுக்கம் ஒரு திசையைப் பார்த்திருக்க, தொழுகையின் திசையான மக்கா வேறொரு கோணத்தில் இருக்கிறது. கட்டடக் கலைஞர் இந்தச் சிக்கலை, நீல ஓடுகள் பதித்த அரையிருள் நடை ஒன்றை வளைத்து அமைத்துத் தீர்த்தார். அதில் நடந்து திரும்பும்போது கண் இருளுக்குப் பழகிவிடுகிறது. நீங்கள் மக்காவை நோக்கித் திரும்பிவிட்டதும் தெரியாமலே கூடத்தின் வாசலில் நிற்பீர்கள். மேலே நிமிர்ந்தால், குவிமாடத்தின் உட்புறத்தில் எலுமிச்சை வடிவ ஓட்டுக் கட்டங்கள் உச்சியை நெருங்க நெருங்கச் சிறுத்துக்கொண்டே போகும். உச்சிப் பூவடிவத்தின் மேல் விழும் வெயில் மயில்தோகை போல நீள்வதை வழிகாட்டிகள் தவறாமல் காட்டுவார்கள். எனக்கு அதைவிடச் சன்னல்களின் இரட்டைப் பின்னல்தான் வியப்பு: உள்ளும் புறமுமாக இரண்டு அடுக்குப் பின்னல்களின் வழியே வடிகட்டப்பட்டு வருவதால் வெயில் கண்ணைக் கூசச் செய்வதில்லை.

வெளியே வந்தபின் குவிமாடத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள். நீலம் மேலோங்கிய ஊரில் இதன் நிறம் மட்டும் வெண்மஞ்சள். காலையில் ஒருவிதமாகவும் மாலையில் இளஞ்சிவப்பு கலந்தும் தெரியும். மாலையில் வரச் சொன்னது இதற்காகத்தான்.

நேரம் கிடைத்தால், 1647இல் திறந்த செஹல் சுதூன் அரண்மனையின் சுவரோவியங்களில் இந்தியருக்கு ஆர்வமூட்டும் இரண்டைத் தேடிப் பாருங்கள். ஒன்றில், அரசிழந்து அடைக்கலம் தேடி வந்த முகலாயப் பேரரசர் ஹுமாயூனை, பாரசீக மன்னர் ஷா தஹ்மாஸ்ப் விருந்தோம்புகிறார். இன்னொன்றில், 1739இல் கர்னால் போரில் பாரசீக மன்னன் நாதிர் ஷா முகலாயப் படையை முறியடிக்கிறான். பின்னது அரண்மனை கட்டி முடிந்து பல காலம் கழித்துச் சேர்க்கப்பட்டது.

கேள்வி: பெர்செபோலிஸ் சிற்பங்களில் இந்தியர்களும் இருப்பதாகப் படித்தேன். உண்மையா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: உண்மைதான், ஆனால் சிந்துப் பகுதி இந்தியர்கள் என்று சொல்ல வேண்டும். டேரியஸ் மன்னன் கி.மு. 518 வாக்கில் தொடங்கிய இந்நகரின் அபதானா என்னும் அரசவை மண்டபத்துக்குக் கிழக்குப் படிக்கட்டு ஒன்று உண்டு. அதன் சுவரில் பேரரசின் 23 நாட்டுத் தூதுக்குழுக்கள் திறைப்பொருளுடன் வரிசையாக வருகின்றன. இந்தியக் குழுவில், தலைவரைத் தவிர மற்றவர்கள் மேலுடம்பு திறந்தவாறு வேட்டி போன்ற ஆடை உடுத்தியிருக்கிறார்கள். ஒருவர் தோளில் காவடித் தண்டு. அதன் இரு முனைகளிலும் தொங்கும் கூடைகளில் சிறு கலயங்கள். அவற்றில் இருப்பது பொன்துகள் என்பது அறிஞர்களின் கருத்து. கூடவே ஒரு கழுதையும் கோடரிகளும் உண்டு. மண்டபத்தின் அடித்தளத்திலிருந்து 1933இல் எடுக்கப்பட்ட பொன், வெள்ளித் தகடுகளில், சிந்துவிலிருந்து (இன்றைய துருக்கியிலுள்ள) சார்டிஸ் வரை தன் அரசு பரந்திருப்பதாக டேரியஸ் மூன்று மொழிகளில் எழுதியிருப்பதையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள்.

இங்கே அடிமைகளே இருந்ததில்லை, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக்கூலி என்று சில வழிகாட்டிகள் பெருமிதத்துடன் சொல்வதைக் கேட்பீர்கள். அகழாய்வில் கிடைத்த ஈலமைட் என்னும் பழைய மொழியில் எழுதிய களிமண் கணக்கேடுகளில் பெண் தொழிலாளர்களுக்குத் தானியமும் மதுவும் அளந்த கணக்கு இருப்பது மெய். சில பெண்கள் ஆண்களைவிட அதிகம் பெற்றதும் மெய். ஆனால் அதே ஏடுகளில், ஆண்குழந்தை பெற்ற தாய்க்குக் கொடுத்ததில் பாதியே பெண்குழந்தை பெற்ற தாய்க்குக் கிடைத்ததும் பதிவாகியிருக்கிறது. கி.மு. 330இல் அலெக்சாண்டரின் படை வைத்த தீக்குத் தப்பி வந்த ஏடுகள் இவை. வழிகாட்டியைவிட இவற்றையே நான் நம்புவேன்.

கேள்வி: பாலைவன நகரமான யஸ்தில் பார்க்க என்ன இருக்கிறது? (திருநெல்வேலி வாசகி)

பதில்: தண்ணீர் வந்த வழி இருக்கிறது. மலையடிவாரத்தில் ஆழக் கிணறு தோண்டி, அங்கிருந்து மிகச் சிறிய சரிவில் நிலத்தடியே சுரங்கக் கால்வாய் வெட்டி, இறைக்காமலே ஊருக்குள் நீரைக் கொண்டுவருவது கனாத் முறை. யஸ்த் பகுதியின் ஜார்ச் கனாத் 70 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ளது. வீடுகளின் மேல் எழும் காற்றுக்கோபுரங்கள் காற்றைப் பிடித்துக் கீழே இறக்குகின்றன. தௌலத்தாபாத் தோட்டத்தில் உள்ளது சுமார் 33 மீட்டர் உயரம். தண்ணீர் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு மண்சுவர்த் தெருக்களுக்குள் நுழைந்தால் எல்லாம் விளங்கும். நம் பார்சிகளின் மூதாதையர் சமயமான ஜொராஸ்டிர சமயத்தின் தீக்கோயிலும் இங்குண்டு. அங்கே எரியும் நெருப்பு கி.பி. 470 முதல் அணையாமல் காக்கப்படுவதாக மரபு சொல்கிறது. கட்டடம் மட்டும் 1934இல் எழுந்தது.

கேள்வி: சென்னை அரண்மனைக்காரன் தெரு ஆர்மீனியத் தேவாலயத்துக்கும் ஈரானுக்கும் தொடர்பு உண்டா? (சென்னை வாசகர்)

பதில்: நேரடித் தொடர்பு உண்டு. ஷா அப்பாஸ் 1604–05இல் அராஸ் ஆற்றங்கரை ஜுல்ஃபாவிலிருந்து ஆர்மீனியர்களை வலுக்கட்டாயமாகப் பெயர்த்து வந்து, இஸ்ஃபஹானுக்கு அருகே புது ஜுல்ஃபாவில் குடியேற்றினான். பட்டு வணிகத்தில் அவர்களுக்கு இருந்த தேர்ச்சிதான் காரணம். அவர்களது கிளைகள் மதராஸ் வரை பரவின. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் பழைய மர்மலாங் பாலத்தைக் கட்டியவர் அவ்வழி வந்த வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான். உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் மதராஸில் வெளிவந்தது. அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மவோன்யான் பிறந்த ஊர் ஷிராஸ். அவர் கல்லறை நீங்கள் குறிப்பிடும் தேவாலயத்தில்தான் இருக்கிறது. புது ஜுல்ஃபாவுக்குப் போனால் வாங்க் தேவாலயத்தைப் பாருங்கள்: வெளியே மசூதி போன்ற குவிமாடம், உள்ளே பாரசீக ஓட்டு வேலைக்கு மேல் விவிலியக் காட்சிகள்.

கேள்வி: எந்த மாதத்தில் போகலாம்? (மதுரை வாசகி)

பதில்: ஏப்ரல் நடுவிலிருந்து மே வரை, அல்லது அக்டோபர், நவம்பர். மே மாதத்தில் காஷானை ஒட்டிய கம்சரில் ரோஜா பறித்துப் பன்னீர் காய்ச்சுவதையும் பார்க்கலாம். மார்ச் 20 அல்லது 21இல் பிறக்கும் நவ்ரூஸ் புத்தாண்டை அடுத்த இரண்டு வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். நாடே சுற்றுலா கிளம்பிவிடும், விடுதியில் அறை கிடைக்காது. இஸ்ஃபஹானின் ஜாயந்தே ஆறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடப்பதால், முப்பத்து மூன்று வளைவுப் பாலத்தின் கீழே தண்ணீர் ஓடுவதைப் பார்ப்பது எந்த மாதமானாலும் உங்கள் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.