அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே இரும்புச்சத்து மாத்திரை ஆகுமா?

கேள்வி: எனக்கு வயது 34. மாதவிடாயின்போது இரத்தப்போக்கு அதிகம். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6, சிவப்பணு எண்ணிக்கை 40 இலட்சம், எம்.சி.வி. 70, 'மைக்ரோசைட்டிக் ஹைப்போகுரோமிக் அனீமியா' (சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறிய இரத்தசோகை) என்று வந்துள்ளது. 61 வயதான என் அம்மாவுக்கும் இரத்தசோகைதான், அவருடைய எம்.சி.வி. 112. எனக்குத் தந்த மாத்திரையையே அவரும் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். இரத்தசோகை என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும், உங்கள் இருவருக்கும் இருப்பது ஒரே குறைபாடு அல்ல என்பதை அந்த எம்.சி.வி. எண்ணே காட்டிவிடுகிறது. அது சிவப்பணுவின் சராசரிப் பருமன். 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் வரை இயல்பு.

கண்ணாடித் தகட்டில் தடவிய இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்கும்போது, இயல்பான சிவப்பணு, லிம்போசைட் என்ற வெள்ளணுவில் சிறிய வகையின் உட்கரு அளவே இருக்கும். அதன் நடுவே மூன்றில் ஒரு பங்கு வெளிறித் தெரியும். இரும்புச்சத்துக் குறைந்தால் ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாமல் அணுக்கள் சிறுத்துப்போகும். நடு வெளிறல் விரிந்து, ஓரத்தில் மெல்லிய சிவப்பு வளையம் மட்டுமே எஞ்சும், சில அணுக்கள் பென்சிலைப் போல நீண்டிருக்கும். பரம்பரை இரத்தசோகையான தலசீமியாவின் மரபணுவைச் சுமப்பவர்களுக்கும் அணுக்கள் சிறிதாகவே இருக்கும், ஆனால் அவர்களுக்கு இரும்புக் குறைபாடும் சேர்ந்திருந்தால் ஒழிய இரும்பு மாத்திரையால் பயனில்லை. எம்.சி.வி.யை மில்லியன் கணக்கிலான சிவப்பணு எண்ணிக்கையால் (40 இலட்சம் என்பது 4 மில்லியன்) வகுத்தால் உங்களுக்கு 17.5 வருகிறது, 13-க்கு மேல் வருவது இரும்புக் குறைபாட்டின் பக்கம் சாய்கிறது. இது ஊகத்துக்கு உதவும் கணக்குதான். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையே உறுதி செய்யும்.

அம்மாவின் அணுக்களோ பெரியவை. வைட்டமின் பி12 அல்லது ஃபோலிக் அமிலம் குறையும்போது டி.என்.ஏ. உருவாவது தாமதமாகி, அணு பிரியாமலே வளர்ந்துவிடுகிறது. நியூட்ரோபில் வெள்ளணுவின் உட்கருவும் ஐந்து, ஆறு மடல்களாகப் பிரிந்து காணப்படும். தைராய்டு குறைபாடு, கல்லீரல் நோய், மது ஆகியவற்றாலும் அணுக்கள் பெரிதாகலாம். இதில் நான் மிகவும் அஞ்சுவது ஒன்று உண்டு: பி12 குறைபாட்டுக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ஹீமோகுளோபின் ஏறிவிடும், ஆனால் நரம்புச் சேதம் உள்ளுக்குள் தொடரும். பல இரும்பு மாத்திரைகளில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தே வருகிறது என்பதால்தான் உங்கள் மாத்திரையைப் பகிர வேண்டாம் என்கிறேன்.

சிறுநீரக நோயிலும் திடீர் இரத்த இழப்பிலும் அணுவின் அளவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். இரும்பும் பி12-உம் சேர்ந்து குறைந்தவர்களுக்கும் சராசரி இயல்பாகத் தோன்றி ஏமாற்றும். அப்போது அணுக்களின் அளவு வேறுபாட்டைச் சொல்லும் ஆர்.டி.டபிள்யூ. உயர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும்.

நீங்கள் மாத்திரையைத் தேநீர், காபியுடன் சேர்க்காமல் விழுங்குங்கள். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபினை மீண்டும் பாருங்கள், இரத்தப்போக்குக்காக மகப்பேறு மருத்துவரையும் காணுங்கள். அம்மாவுக்கு இந்த வாரமே பி12 அளவைப் பார்த்துவிடுங்கள். பாதத்தில் மரமரப்போ நடையில் தடுமாற்றமோ இருந்தால், அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.