தியேட்டரில் அழுதேன், நண்பர்கள் சிரித்தார்கள்!

கேள்வி: அக்கா, எனக்கு வயது 28. சென்னையில் ஐ.டி. வேலை. போன வருடம் என் காதல் முறிந்துபோனது. அவள் வேறு மதம், அவள் அப்பா கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. நண்பர்களிடம் ‘செட் ஆகல, விட்டுட்டேன்’ என்று மட்டும் சொல்லியிருந்தேன். சென்ற மாதம் ரூம் நண்பர்களோடு இரவுக் காட்சிக்கு ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ பார்க்கப் போனோம். இடைவேளைக்கு அப்புறம் அடக்க முடியாமல் தேம்பி அழுதுவிட்டேன். ஒருவன் அதை வீடியோ எடுத்து, காதலில் தோற்றவன் என்கிற அர்த்தத்தில் ‘எங்க சூப் பாய்’ என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். அதிலிருந்து அவர்களோடு சரியாகப் பேசுவதில்லை. ஆண்பிள்ளை இப்படி அழுவது கேவலமா? அன்றிரவு அவளுக்கு ஒரு நீளமான மெசேஜும் டைப் செய்து வைத்தேன். அவளுக்கு நிச்சயமாகிவிட்டதாகக் கேள்வி. அனுப்பலாமா?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தம்பி, மெசேஜை அனுப்பாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

அழுதது கேவலமே இல்லை. அந்தப் படம் வந்தது 2010இல். மறுபடி திரையிட்டபோது அண்ணா நகர் மால் ஒன்றில் ஆயிரம் நாளைத் தாண்டி ஓடியது. அதற்கு வருகிறவர்கள் பாதிப்பேர் வசனத்தை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள். ‘ஹோசானா’ பாட்டு தொடங்கினால் எழுந்து ஆடுகிறார்கள், உலகத்தில் இத்தனை பெண்கள் இருக்கும்போது ஏன் ஜெஸ்ஸி என்று கார்த்திக்காக வரும் சிம்பு ஆரம்பித்தால் மொத்த அரங்கமும் கூடவே சொல்கிறது. உங்கள் நண்பர்கள் வந்தது அந்தக் கொண்டாட்டத்துக்கு. நீங்கள் பார்த்ததோ வேறு மதத்துப் பெண், ஒத்துக்கொள்ளாத அப்பா, காத்திருந்து காத்திருந்து கைவிட்டுப்போன ஒரு காதல். பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நீங்கள் ஒரு படமும் அவர்கள் ஒரு படமும் பார்த்திருக்கிறீர்கள்.

அந்தப் படத்தின் ‘மன்னிப்பாயா’ பாட்டுக்கு நடுவில் கவிஞர் தாமரை ஒரு குறளை வைத்திருக்கிறார், கவனித்தீர்களா? ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்.’ 71ஆவது குறள். அன்பைப் பூட்டி வைக்கத் தாழ்ப்பாளே கிடையாது, கண்ணில் துளிர்க்கிற கண்ணீர் ஊருக்கே சொல்லிவிடும் என்கிறார் வள்ளுவர். இதில் ஆண்பிள்ளை அழக்கூடாது என்று எங்கேயாவது இருக்கிறதா? நீங்கள் ஒரு வருடமாக ‘செட் ஆகல’ என்று தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்தீர்கள், அது அன்றைக்குத் திறந்துகொண்டது, அவ்வளவுதான். அந்தத் தாழ்ப்பாளை நண்பர்களும் நிஜமென்று நம்பிவிட்டார்கள் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள், அவர்களுக்கு வேறெதுவும் தெரியாது.

அதற்காக வீடியோ எடுத்தது சரியென்று ஆகிவிடாது. கலாய்ப்பது வேறு, அழுகிறவன் முகத்தைப் படம் பிடித்து நாலு பேருக்குக் காட்டுவது வேறு. மனதுக்குள் வைத்துப் புழுங்காமல், ‘டேய், அது எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு, அழிச்சிடு’ என்று நேராகச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் எல்லோருக்குமாகச் சேர்த்து அழிப்பதற்கு இரண்டு நாளுக்குச் சற்று மேல்தான் அவகாசம், ஒரு மாதம் ஆகிவிட்டதால் இனி அவரவர் போனில் அவரவர்தான் நீக்க வேண்டும். அதனால் போட்டவனிடம் மட்டும் சொன்னால் போதாது, குரூப்பிலேயே எழுதிக் கேளுங்கள். நல்ல பையன்கள் என்றால் அன்றைக்கே அழித்துவிடுவார்கள்.

சரி, மெசேஜுக்கு வருவோம். அதே நாளில் தெலுங்கிலும் அந்தப் படம் வந்தது, நாக சைதன்யாவும் சமந்தாவும் நடித்தது, அதில் இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். தமிழில் கார்த்திக்குக்கு ஜெஸ்ஸியோடு கல்யாணம் நடப்பது அவன் எடுக்கிற சினிமாவுக்குள் மட்டும்தான், வெளியே அவள் இன்னொருவரின் மனைவி. படம் விட்டு வந்த சூட்டில், நடு ராத்திரியில், நீங்கள் டைப் செய்தது அந்தத் தெலுங்கு கிளைமாக்ஸை. ஜெஸ்ஸி ஆலப்புழை சர்ச்சில் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னதைப் பார்த்துவிட்டு நிஜத்திலும் அப்படி ஒரு நிமிடம் வரும் என்று எத்தனை பேர் ஏங்குகிறார்கள்! நிச்சயமான ஒரு பெண்ணின் போனுக்கு ராத்திரி நேரத்து மெசேஜ் போய், அது அவர் அப்பா கண்ணிலோ மாப்பிள்ளை வீட்டார் கண்ணிலோ பட்டால், பதில் சொல்ல வேண்டியது நீங்கள் இல்லை, அந்தப் பெண். கட்டாயப்படுத்தி நடக்கிற நிச்சயம் என்றால், உங்கள் நம்பர் அவரிடம் இருக்கிறது, அவரே கூப்பிடலாம். கூப்பிடவில்லை என்றால் அதுதான் அவர் சொல்லும் பதில். டைப் செய்து வைத்ததை அழித்துவிடுங்கள், வைத்திருந்தால் இன்னொரு ராத்திரி விரல் தானாகப் போகும்.

கார்த்திக்குக்குக்கூட எல்லாவற்றையும் கொட்ட கேமராமேன் கணேஷ் என்று ஒருவர் கூடவே இருந்தார். உங்கள் கூட்டத்திலும் அன்றைக்குச் சிரிக்காமல் உட்கார்ந்திருந்த ஒருவன் இருந்திருப்பான். அவனைத் தனியாக ஒரு டீக்கடைக்குக் கூட்டிப் போய், நடந்தது எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள். ஆலோசனையெல்லாம் கேட்க வேண்டாம், அவன் காது கொடுத்துக் கேட்டாலே போதும். தூக்கம் வரவில்லை, சாப்பிட முடியவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்கிற அளவுக்கு இருந்தால் மட்டும் தயங்காமல் 14416க்கு அழையுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், அடுத்த முறை பையன்கள் படத்துக்குக் கூப்பிட்டால் போங்கள். காதல் படம் என்றால் ‘இது இப்போ வேணாம்டா, வேற போலாம்’ என்று சொல்லுங்கள், காரணம் கேட்டால் அதையும் சொல்லுங்கள்.