ஃபீஸ் கொடுக்கப் பணமில்லை, குற்ற வழக்கோ நடந்துகொண்டே இருக்கிறது: வாசகர் கேள்விகள்

தம்பியைக் கைது செய்திருக்கிறார்கள். வக்கீல் 'மொத்தமாக இவ்வளவு' என்கிறார். கொடுத்தால் கடைசிவரை பார்த்துக்கொள்வாரா?

அந்த 'மொத்தமாக' என்ற சொல்லில்தான் சண்டையே வருகிறது. அவர் ஜாமீன் வரைக்கும் என்று நினைத்துச் சொல்லியிருப்பார், நீங்கள் தீர்ப்பு வரைக்கும் என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு குடும்பம் என்னிடம் நான்கு ரசீதுகள் கொண்டுவந்தது. நான்கிலும் 'வழக்குச் செலவு' என்று மட்டும் எழுதி, கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. எது எதற்கு வாங்கியது என்று சொல்ல யாராலும் முடியவில்லை.

ஜாமீன் மனுவுக்கு எவ்வளவு, அது தள்ளுபடியானால் மேல் கோர்ட்டுக்கு எவ்வளவு, சாட்சி விசாரணைக்கு, மேல்முறையீட்டுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்கள். நகல், பயணம், நிபுணர் அறிக்கை இதெல்லாம் ஃபீஸில் சேருமா என்றும் கேளுங்கள். தவணை கேட்பதில் வெட்கம் வேண்டாம், பலர் ஒத்துக்கொள்வார்கள். இன்னொன்று: நகையை விற்று ஜாமீனுக்கே எல்லாவற்றையும் இறைத்துவிட்டு, சாட்சிகள் கூண்டில் ஏறும்போது வெறுங்கையோடு நிற்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். வழக்கின் தலையெழுத்து பெரும்பாலும் குறுக்கு விசாரணையில்தான் இருக்கிறது. அதற்கு ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்.

'விடுதலையானால் மட்டும் ஃபீஸ்' என்று ஒருவர் சொல்கிறார். நல்லதுதானே?

இல்லை. இந்தியாவில் வக்கீல்கள் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசவே கூடாது. நஷ்ட ஈடு வழக்குகளில் அதை அனுமதிக்கும் அமெரிக்காவிலும் குற்ற வழக்கில் கூடாது. விதி தெரிந்தும் அப்படிப் பேசுகிறவரை நான் நம்பமாட்டேன்.

இலவச வக்கீல் ஏனோதானோ என்றுதான் வாதாடுவார் என்கிறார்கள்...

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழை, பூல் விளையாட்டுக் கூடத்தை உடைத்துத் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டார். வக்கீல் கேட்டார், கிடைக்கவில்லை. தானே வாதாடி ஐந்தாண்டு தண்டனை வாங்கினார். சிறையிலிருந்து பென்சிலால் எழுதி அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு மனு அனுப்பினார். 1963-ல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது: பெரிய குற்ற வழக்கில் வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும். மறுவிசாரணையில் கோர்ட் நியமித்த வக்கீல் வாதாடியதும் விடுதலையானார்.

சட்ட உதவி வக்கீல்களில் பலர் குற்றவியல் கோர்ட்டிலேயே நாள் முழுக்கக் கிடப்பவர்கள், நெளிவுசுளிவு தெரியும். அவர்களுக்குப் பஞ்சம் நேரத்துக்குத்தான். அதனால் முதல் சந்திப்புக்கே தேதிவாரியாக நடந்ததை ஒரே பக்கத்தில் எழுதி, உங்கள் பக்கச் சாட்சிகளின் பெயரோடு கொண்டுபோங்கள். இந்தியாவில் காவலில் இருப்பவருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி வருமானம் பார்க்காமலே இந்த உதவி உண்டு. மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும் முதல் நாளிலேயே கேளுங்கள். சில நாடுகளில் தண்டனை கிடைத்தால் அந்தச் செலவைத் திருப்பி வசூலிப்பார்கள். கையெழுத்துப் போடுமுன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் முதலாளியும் இதே வழக்கில் இருக்கிறார். எனக்கும் சேர்த்து அவர் வக்கீலுக்கே பணம் கட்டுகிறேன் என்கிறார்.

பணத்தை வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள், அவருடைய வக்கீலை வாங்கிக்கொள்ளாதீர்கள். நாளை 'கையெழுத்துப் போட்டது இவன்தான்' என்று அவர் சொன்னால் அந்த வக்கீல் யாருக்காகப் பேசுவார்? யார் பணம் கட்டினாலும் கட்சிக்காரர் நீங்கள்தான். நீங்கள் சொல்வது உங்கள் அனுமதியில்லாமல் முதலாளி காதுக்குப் போகக் கூடாது. தனி வக்கீல் வையுங்கள், நீங்கள் சொல்வது முதலாளிக்குப் போகாது என்று அந்த வக்கீலிடமே எழுதி வாங்குங்கள். தனி வக்கீலுக்கு முதலாளி சம்மதிக்காவிட்டால், சட்ட உதவி வக்கீலே மேல்.

பாதியில் பணம் தீர்ந்துவிட்டது. பாக்கியைக் கட்டினால்தான் கேஸ் கட்டைத் தருவேன் என்கிறார் வக்கீல்.

இந்தியாவில் அப்படி நிறுத்தி வைக்க முடியாது. உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது: ஃபீஸ் பாக்கி இருந்தால் அதை வசூலிக்க வேறு வழி உண்டு, கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது. எல்லா நாட்டிலும் இப்படியில்லை, அங்கங்கே விசாரிக்க வேண்டும். எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் வக்கீல்களின் நடத்தையைக் கண்காணிக்கும் பார் கவுன்சிலுக்குப் புகார் கொடுங்கள். அப்புறம், அடுத்த வாய்தாவிலேயே நீதிபதியிடம் பணமில்லை என்று சொல்லிச் சட்ட உதவி கேளுங்கள். வழக்கு பாதியில் இருப்பது அதற்குத் தடையில்லை.