பாய்மரக் கப்பலில் அம்மாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி: ஜூலையில் குடும்பத்தோடு பாலி போகிறோம். அங்கிருந்து லபுவான் பாஜோ என்ற துறைமுக ஊருக்குப் போய், ‘பினிசி’ என்ற பாரம்பரியப் பாய்மரக் கப்பலில் 3 நாள் கொமோடோ தீவுகளைச் சுற்றலாம் என்கிறார் ஏஜென்ட். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. நம்பிப் போகலாமா?
- தண்டையார்பேட்டை வாசகி

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் காற்றிலேயே ஓடும் கப்பல் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இரண்டு பாய்மரம், ஏழு பாய் என்பது பினிசியின் மரபு. இன்று சுற்றுலாவுக்கு ஓடுபவை பெரும்பாலும் டீசல் இன்ஜினை நம்பியவை. பாய் ஏறுவது போட்டோவுக்கு. கட்டும் முறை மட்டும் அசல். இந்தோனேசியாவின் தெற்கு சுலாவெசியில் முதலில் பலகைகளை மர ஆணியால் கோத்துவிட்டு, அப்புறம்தான் உள்ளே தாங்கும் மரச்சட்டம் வைப்பார்கள். 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கலை அது.

மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டுப் பக்கம் போனால், படகுகளுக்கு மராமத்து நடப்பதைப் பார்க்கலாம். மரக்கப்பல் எந்த ஊரிலும் அப்படித்தான், கவனிக்காவிட்டால் தண்ணீர் வாங்கும். ஆகவே ஏசி இருக்கிறதா என்று கேட்கும் முன், கடைசியாக எப்போது கரையேற்றிப் பழுது பார்த்தார்கள், தண்ணீர் இறைக்கும் பம்ப் எத்தனை, அறையிலிருந்து வெளியேற இன்னொரு வழி உண்டா, இரவில் யார் விழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு கப்பல் பாருங்கள். பாலிக்குப் பக்கத்துத் தீவான லொம்போக்கிலிருந்து கிளம்பும் 4 நாள் மலிவுப் பயணம் வேண்டவே வேண்டாம்; அது இரவில் திறந்த கடலைக் கடக்கும்.

ஜூலையில் மழை இருக்காது. தென்கிழக்குக் காற்றால் தெற்குப் பக்கத் தீவுகளில் அலை அதிகம். வடக்கும் நடுவும் போதும் என்று சொல்லிவிடுங்கள். அறை கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் இருந்தால் ஆட்டம் குறைவு. இன்ஜின் இரைச்சல் கொஞ்சம் கேட்கும், பரவாயில்லை. வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, கிளம்பும் முன்பே கொடுங்கள். குமட்டல் வந்தபின் கொடுத்தால் வயிற்றில் தங்காது.

அம்மாவின் முழங்காலுக்குச் சோதனை வேறு இடத்தில். கப்பல் தள்ளி நங்கூரமிடும். கரைக்குச் சிறு படகில்தான் போக வேண்டும். கப்பலும் படகும் அலையில் மாறி மாறி ஏறி இறங்கும்போது ஒன்றிலிருந்து மற்றதற்குக் கால் மாற்றணும். கையில் பை கூடாது. சிறு படகு மேலே எழும் நொடியில், ஊழியரின் முன்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள். கொமோடோ தீவுகளில் ஒன்றான பாடாரின் மலைப் படிக்கட்டுக்கு அவரை இழுக்காதீர்கள். நீங்கள் ஏறிவிட்டு வரும்வரை அவர் மேல்தளத்து நிழலில் டீ குடிக்கட்டும்.