குளிரில் சீக்கிரம் இறங்கும் படகு பேட்டரி

வணக்கம் நண்பரே. இரண்டு வருடப் பழைய ஈய-அமில பேட்டரி, கோடையில் நாள் முழுக்க மோட்டாரை ஓட்டியது, இப்போது ஏரியில் மூன்று மணி நேரத்திலேயே படுத்துவிடுகிறது என்கிறீர்கள். அவசரப்பட்டுப் புதிது வாங்காதீர்கள்.

குளிரில் உள்ளே வேதிவினை மந்தமாகும். உறைநிலையை ஒட்டிய குளிரில் நல்ல பேட்டரியே சுமார் ஐந்தில் ஒரு பங்கு திறனை இழக்கும். -18 டிகிரியில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். வெப்பம் ஏறினால் அது திரும்பிவிடும்.

ஆயுளைத் தின்பது வேறு: களைப்போடு வீடு திரும்பி, சார்ஜ் போடாமல் விடுவது. உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் என்னும் உப்பு படிந்து இறுகிவிடும். என் முதல் பேட்டரியைக் காலியாகவே படகில் விட்டேன். பனி போனபின் பார்த்தால் பக்கம் புடைத்து, ஓரத்தில் மயிரிழை விரிசல். காலியான பேட்டரியில் இருப்பது ஏறக்குறைய தண்ணீர்தான், -10 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும். முழு சார்ஜில் இருந்தால் -50இலும் உறையாது.

சரி, இப்படிச் செய்யுங்கள். வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் முழுசாக சார்ஜ் ஏற்றி, ஓர் இரவு சும்மா வைத்து, மல்டிமீட்டரில் (வோல்ட் அளக்கும் கருவி) பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் நின்றால் குளிர்தான் காரணமாக இருக்கலாம். 12.4க்குக் கீழே இறங்கியிருந்தால் தேறுவது கஷ்டம். முனைகளில் வெள்ளைப் பூச்சு இருந்தால் முதலில் சுரண்டி எடுங்கள், மின்சாரம் அங்கேயே தடைபடும்.

அப்புறம், லித்திய பேட்டரிக்கு மாறினால் ஒன்று: உறைநிலைக்குக் கீழே அதற்கு சார்ஜ் போடவே கூடாது.