பெரிய மீன் எது என்று கேட்காதீர்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 78 வயது. பள்ளிக்கூட நாட்களிலிருந்து தூண்டில் போட்டவர். ஆறு, ஏரி, கழிமுகம் என்று ஒன்றையும் விட்டதில்லை. முழங்கால் வலியும் கண்புரையும் வந்த பிறகு போவதை நிறுத்திவிட்டார். வீட்டில் உட்கார்ந்தபடி பழைய கதைகளையாவது சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்த விரால் ஒரு சாண் வளர்ந்துவிடும். "போன தடவை மூணு கிலோன்னு சொன்னீங்க, இப்ப அஞ்சா?" என்று என் தம்பி கேட்டுக் கேட்டு, இப்போது அப்பா பேச்சையே குறைத்துக்கொண்டார். எப்போதும் அவர்கூடப் போகும் நண்பரும் போன வருடம் தவறிவிட்டார். அப்பாவின் நினைவுகளை எழுதி வைக்க ஆசைப்படுகிறேன். எங்கே தொடங்குவது? அவருடைய தூண்டில் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறான் தம்பி. கொடுக்கலாமா?
– ஒரு மகள்

பதில்: அன்புள்ள சகோதரி,

பெட்டியை யாருக்கும் கொடுக்காதீர்கள். இந்தப் பதிலை நீங்கள் படித்து முடிப்பதற்குள் அது வீட்டை விட்டுப் போய்விடக் கூடாது என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

முழங்கால், கண், தம்பி என்று விரிவாக எழுதியிருக்கிறீர்கள். நண்பரைப் பற்றி ஒரே ஒரு வரி. நான் அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். மணிக்கணக்கில் ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் சலிக்காத உறவு வாழ்க்கையில் ஒன்றிரண்டுதான் அமையும். கரையில் அமைந்தது அப்படி ஒன்று. தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு மீன் ஓடியதைக் கண்ணால் பார்த்த இன்னொரு ஆள் அவர். அப்பா ஒரு கதையைத் தொடங்கினால், "ஆமாம், அன்றைக்கு மழைகூடத் தூறிற்று" என்று சேர்த்துச் சொல்ல அவர் இருந்தார். அந்தச் சாட்சி போய்விட்ட நேரம் பார்த்து வீட்டில் எடைக் கணக்குக் கேட்கிறார்கள். அப்பா வாய் மூடிக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

மீன் வளர்வதைப் பற்றி உங்கள் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். நினைவு என்பது பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு அப்படியே எடுத்துக் காட்டுகிற பொருள் கிடையாது. கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர், ஒரு கதையைப் படிக்கக் கொடுத்து, இடைவெளி விட்டு அதையே பலமுறை திரும்பச் சொல்லச் சொன்னார். 1932-ல் அதை எழுதி வெளியிட்டார். ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் மாறியது. சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. நினைக்கும்போதெல்லாம் மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது. அன்றைக்கு எது பெரிதாகத் தோன்றியதோ அது பெரிதாகவே கட்டப்படுகிறது. பதினாறு வயதுப் பையன் கையில் துள்ளிய விரால் அவனுக்கு ஐந்து கிலோதான். அதை மூன்று கிலோவாகத் திருத்துவதால் யாருக்கு என்ன லாபம்?

அதே 1932-ல் நடந்த இன்னொன்றும் எனக்கு நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி மாண்ட்கோமெரி ஏரியில் ஒரு பாஸ் மீன் பிடித்தார். 22 பவுண்டு 4 அவுன்ஸ், ஏறக்குறைய 10 கிலோ. அந்த இனத்தில் உலக சாதனை. 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒருவர் அதைச் சமன் செய்யும் வரை 77 ஆண்டுகள் அந்தச் சாதனையை யாரும் எட்டவில்லை. மீனை அவர் குடும்பம் சமைத்துச் சாப்பிட்டுவிட்டது. மிஞ்சியது எடை மட்டும்தான். ஆனால் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எடையோடு நிற்பதில்லை. அன்று மழை பெய்து வயல் ஈரமாகக் கிடந்ததால் உழ முடியாமல் மீன் பிடிக்கப் போனாராம். கூட ஒரு நண்பர். இருவருக்கும் ஒரே தூண்டில், மாற்றி மாற்றிப் போட்டார்களாம். எனக்கு அந்த மீனைவிட அந்த ஈர வயல்தான் மனதில் நிற்கிறது.

அதனால் "நீங்கள் பிடித்ததிலேயே பெரிய மீன் எது?" என்று தொடங்காதீர்கள். அது எடைக்கே போய் முடியும் கேள்வி. அவருக்கு ஏற்கெனவே அந்தக் கேள்வியால் புண்பட்டிருக்கிறது.

பெட்டியிலிருந்து தொடங்குங்கள். அவர் முன்னால் வைத்துத் திறந்துவிட்டு, சும்மா இருங்கள். துரு, பழைய எண்ணெய், காய்ந்த இரை எல்லாம் கலந்த வாசனை முதலில் வரும். வாசனை மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்குமான பகுதிகளுக்கு மற்றப் புலன்களைவிடக் குறுக்கு வழியில் போய்ச் சேர்கிறது. கேள்விகளின் பாதி வேலையை அதுவே செய்துவிடும். பிறகு ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுங்கள். இந்தத் தக்கையை யார் செதுக்கியது? இந்த முள் ஏன் வளைந்திருக்கிறது? இந்த ஈயக்குண்டு எந்தத் தண்ணீருக்கு? நரம்பில் முள்ளைக் கட்டிக் காட்டச் சொல்லுங்கள். கண் மங்கினாலும் விரல் தடுமாறாது, பாருங்கள். கைப்பழக்கத்தின் நினைவு தனி வழியில் சேமிக்கப்படுகிறது. புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத ஒரு நோயாளி, கண்ணாடியில் பார்த்து வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார் என்று 1962-ல் நரம்பியல் உளவியலாளர் பிரெண்டா மில்னர் எழுதினார். பயிற்சி செய்ததே அவருக்கு நினைவில்லை. கைக்கு மட்டும் இருந்தது. முடிச்சுப் போடும்போது அப்பா பேச ஆரம்பித்தால் அந்த முடிச்சைச் சொல்லிக்கொடுத்தவரைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைக்கிறேன்.

இன்னொரு வழி எனக்கு இதைவிடப் பிடிக்கும். பெரிய தாளும் தடித்த பேனாவும் கொடுத்து, அவர் அதிகம் உட்கார்ந்த நீர்நிலையை வரையச் சொல்லுங்கள். எங்கே ஆழம், எங்கே பாறை, எந்த மரத்தின் வேர் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது, முள் எங்கே சிக்கும், காலையில் நிழல் எந்தப் பக்கம் விழும். தூண்டில்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட இடப்பெயர்கள் எந்த வரைபடத்திலும் இருக்காது, அவர்களோடு போய்விடும். நண்பர் உட்கார்ந்த இடத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். அங்கே பேனா நின்றால் அவசரப்படுத்த வேண்டாம். அழுதால் அழட்டும்.

மீன் கிடைக்காத நாட்களைப் பற்றியும் கேளுங்கள். தூண்டில்காரரின் வாழ்க்கையில் அந்த நாட்கள்தான் அதிகம். விட்டுவிட்டு வந்த மீன்களைப் பற்றியும் கேளுங்கள். விரால் காற்றைக் குடிக்க மேலே வந்தாக வேண்டிய மீன். குஞ்சு பொரித்த பிறகு கூட்டத்தை விட்டு அகலாமல் காவல் காக்கும். குஞ்சுகள் கொத்தாக மேலே வரும் இடத்தில் தூண்டிலைப் போட்டால் பெற்ற மீன் சீறிக்கொண்டு வந்து கடிக்கும், சுலபமாக மாட்டும். அது தெரிந்திருந்தும் போடாமல் எழுந்து வந்தவர்கள் உண்டு. உங்கள் அப்பாவிடம் அப்படி ஒரு நாள் இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

பதிவு செய்யக் கைபேசி போதும். தொடக்கத்தில் தேதியையும் யார் பேசுகிறார் என்பதையும் சொல்லிவிடுங்கள். பதிவை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள், அரை மணி நேரம் தாராளம். ஒரே கதை மூன்று விதமாக வந்தால் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றைச் 'சரியானது' என்று தேர்ந்தெடுக்க வேண்டாம். பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நடந்தவையே அதிகம் வரும். முதியவர்களின் நினைவுகள் அந்தக் காலத்தில்தான் அடர்த்தியாக இருக்கின்றன என்று ஆய்வுகள் பலமுறை கண்டிருக்கின்றன. வயதானவர்கள் பழையதைத் திரும்பிப் பார்ப்பது மூளைத் தளர்ச்சியின் அடையாளம் ஆகிவிடாது, இயல்பான, தேவையான வேலை என்று மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-லேயே எழுதியிருக்கிறார். ஆனால் நேற்று நடந்தது மறந்துபோனாலோ, சொன்னதையே ஐந்து நிமிடத்தில் திரும்பச் சொன்னாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அது வேறு விஷயம்.

பெட்டியில் இருக்கும் ஈயக்குண்டுகள் குழந்தைகள் கைக்கு எட்ட வேண்டாம். ஈயம் நஞ்சு, தொட்டால் கை கழுவ வேண்டும். பழைய நரம்பு வெயிலில் இற்றுப்போயிருக்கும். அதைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். தண்ணீர்ப் பக்கம் போட்டால் பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும். உங்கள் அப்பாவே இதைச் சொல்லியிருப்பார்.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இதைத்தான்: அவரை ஒரு முறையாவது கரைக்கு அழைத்துப் போங்கள். கண்புரை அறுவை செய்து சரிசெய்யக்கூடிய ஒன்று, முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. தக்கை கண்ணுக்குத் தெரியாவிட்டால் நரம்பை ஆள்காட்டி விரலில் தாங்கிக்கொள்ளலாம். கடி விரலுக்கே தெரியும். கோலின் நுனியில் சின்ன மணி கட்டினால் அதுவும் சொல்லும். முதுகு சாயும் நாற்காலி, சமதளமான கரை, படகு வேண்டாம், வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம்.

பெட்டியைத் தம்பியைத் தூக்கிவரச் சொல்லுங்கள். அப்பாவின் வலது பக்கமோ இடது பக்கமோ, நண்பர் எந்தப் பக்கம் உட்காருவார் என்று முதலில் கேட்டுக்கொண்டு, தம்பி மறுபக்கம் உட்காரட்டும். முள்ளில் எப்படி இரை கோப்பது என்று அவன் கேட்க வேண்டும். எத்தனை கிலோ என்று மட்டும் கேட்கக் கூடாது.