பக்கத்தில் நிற்பவர் அதிக விலை கொடுக்கிறார்: சொல்லலாமா?

கேள்வி: அடுத்த தட்டில் அதே பொருள் பாதி விலைக்கு இருக்கிறது. அது தெரியாமல் ஒருவர் விலை கூடியதை எடுத்துக்கொண்டு போகிறார். சொல்வதா, வாயை மூடிக்கொண்டு நிற்பதா?

பதில்: சொல்லலாம். ஆனால் நீங்கள் ‘அதே பொருள்’ என்று நினைப்பது உண்மையிலேயே அதேதானா என்று முதலில் பாருங்கள். முன்பின் தெரியாதவருக்கு விலை சொல்லப் போய் அசடு வழிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

டிவியோடு மற்ற கருவிகளை இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கேபிளையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தொங்குகின்றன. இரண்டும் 2 மீட்டர், ஒன்றின் விலை மற்றதைப் போல நான்கு மடங்கு. இரண்டின் உறையிலும் ‘ப்ரீமியம் ஹை ஸ்பீடு’ சான்று முத்திரை இருந்தால் இரண்டுமே நொடிக்கு 18 ஜிகாபிட் தகவலைத் தாங்கும். 4கே எனும் மிகத் துல்லியமான படத்தை நொடிக்கு 60 பிரேம் (தனிப் படம்) காட்ட அது போதும். தங்க முலாமும் நூல் பின்னிய உறையும் படத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாது. கேபிளில் ஓடுவது டிஜிட்டல் சமிக்ஞை. கேபிள் மோசமானால் நிறம் வெளிறாது. திரையில் பொறி பொறியாக மின்னும், படம் விட்டு விட்டு வரும், அல்லது திரை கறுத்துவிடும். “இதுல கலர் நல்லா வரும் சார்” என்று விற்பவர் சொன்னால் அது வெறும் பேச்சு. இந்த நிலையில் நீங்கள் தாராளமாக வாய் திறக்கலாம்.

அதே விலை கூடிய கேபிளில் ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ முத்திரை இருந்தால் கதை வேறு. அது நொடிக்கு 48 ஜிகாபிட் தாங்கும். 4கே படத்தை நொடிக்கு 120 பிரேம் ஓட்டும் கேம் கருவிக்கு அதுதான் வேண்டும். அவர் வீட்டு டிவிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

பட்டன் பேட்டரியிலும் இதே வம்பு உண்டு. எல்.ஆர்.44, ஏ.ஜி.13 இரண்டும் ஒரே அல்கலைன் பேட்டரிக்கு வெவ்வேறு பெயர்கள். பெயருக்காகக் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. எஸ்.ஆர்.44 அளவில் அச்சு அசல் அதேதான், ஆனால் உள்ளே இருப்பது சில்வர் ஆக்சைடு. அல்கலைனில் வோல்டேஜ் தீரத் தீர இறங்கிக்கொண்டே வரும். சில்வர் ஆக்சைடில் கடைசி வரை ஏறக்குறைய 1.55 வோல்ட்டிலேயே நிற்கும். டிஜிட்டல் அளவுகோல் மாதிரி நுட்பமான கருவிக்கு வாங்குபவர் தெரிந்துதான் அதை எடுக்கிறார்.

கேள்வி: சொல்வதென்று முடிவு செய்துவிட்டேன். எப்படி ஆரம்பிப்பது?

பதில்: தீர்ப்பாகச் சொல்லாதீர்கள், கேள்வியாகக் கேளுங்கள். “கீழ்த் தட்டுல இதே அளவு வேற விலைல இருக்கு, பாத்தீங்களா?” இவ்வளவு போதும். இதில் அவர் ஏமாந்தார் என்ற பேச்சே இல்லை. பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன் என்று சொல்லவும் அவருக்கு வழி இருக்கிறது. “ஐயோ, இதைப் போய் வாங்குறீங்களே!” என்று தொடங்கினால், பிள்ளைகள் முன்னால் தலை குனிய மனமில்லாமலே அந்தப் பொருளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்.

ஒரு கை நீளம் தள்ளி நின்று பேசுங்கள். அவருடைய தள்ளுவண்டியையோ பையையோ தொடாதீர்கள். போனில் விலையைக் காட்டுகிறேன் என்று முகத்துக்கு நேரே நீட்ட வேண்டாம். ஒருவர் பேச்சுக் கொடுக்க, இன்னொருவர் பர்ஸை அடிப்பது பழைய திருட்டு முறை. எச்சரிக்கையாக இருப்பவர் உங்களையும் அப்படித்தான் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும். அவர் “பரவாயில்லை” என்றால் நகர்ந்துவிடுங்கள். இரண்டாவது முறை சொல்வது தொந்தரவு.

கேள்வி: பெரிய பாக்கெட்தான் லாபம் என்று எல்லாரும் அதையே எடுக்கிறார்கள். எப்போதும் அப்படியா?

பதில்: இல்லை. 400 மில்லி 80, ஒரு லிட்டர் 210 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மில்லிக்குச் சின்னதில் 20, பெரியதில் 21. தட்டில் ஒட்டியிருக்கும் அலகு விலையை நம்பிப் போனாலும் ஒரு பொறி இருக்கிறது: ஒரு சீட்டில் 100 கிராமுக்கு, பக்கத்துச் சீட்டில் கிலோவுக்கு, மூன்றாவதில் ஒரு எண்ணிக்கைக்கு என்று போட்டிருப்பார்கள். ஒரே அலகுக்கு மாற்றாமல் ஒப்பிட்டுப் பயனில்லை.

துணி துவைக்கும் திரவத்தில் மில்லிக் கணக்கே தப்பு. ஒன்றில் ஒரு துவைப்புக்கு 35 மில்லி, இன்னொன்றில் 70 மில்லி என்றால், ஒரு லிட்டர் புட்டி முதலாவதில் 28 துவைப்பு வரும், இரண்டாவதில் 14தான். விலை ஒன்றரை மடங்கு இருந்தாலும் முதலாவதே மலிவு. பின்பக்கம் இருக்கும் அளவைப் படிக்காமல் அடுத்தவருக்குப் புத்தி சொன்னால், அவரை நஷ்டத்தில் தள்ளிவிட்டுப் போவீர்கள்.

தள்ளுபடிக் கணக்கும் அப்படித்தான். 20 சதவீதம் கழித்து, மேலும் 20 சதவீதம் என்றால் மொத்தம் 36, நாற்பது அல்ல. அதே விலைக்கு ‘50 சதவீதம் கூடுதல்’ பொருள் என்பது மூன்றில் ஒரு பங்கு விலை குறைவதற்குச் சமம். ஒன்று வாங்கினால் அடுத்தது பாதி விலை என்பது 25 சதவீதத் தள்ளுபடி, அதுவும் இரண்டு தேவைப்பட்டால் மட்டும்.

கேள்வி: மருந்துக் கடையில்?

பதில்: இங்கே மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பெயரும் மில்லிகிராமும் ஒன்றாக இருந்தால் மாத்திரை ஒன்றாகிவிடாது. மெட்ஃபார்மின் 500 சாதாரண மாத்திரையும், மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மின் 500ம் வேறு வேறு; பெயருக்குப் பின்னால் வரும் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். எழுத்துகள் சும்மா போட்டவை அல்ல. தைராய்டுக்கான லெவோதைராக்சின், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், சில வலிப்பு மருந்துகள் ஆகியவற்றில் சிறு வித்தியாசமும் உடம்பில் தெரியும். இவற்றில் ஒரே மூலப்பொருள் என்றாலும் மருத்துவரிடம் கேட்காமல் கம்பெனி மாற்றக் கூடாது. விலையைப் பார்த்து ஒருவர் திகைத்து நின்றால், “இதே மருந்து, இதே அளவு, வேற கம்பெனில இருக்கான்னு பார்மசிஸ்டைக் கேட்டுப் பாருங்க” என்று சொல்வது வரை சரி. மாத்திரைப் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள்.

கேள்வி: விற்பனையாளர் ஒருவர் தலையில் எதையோ கட்டப் பார்க்கிறார். குறுக்கே புகலாமா?

பதில்: பேச்சின் நடுவே வேண்டாம். விற்பவருக்கு அதில் கமிஷன் இருக்கலாம். நீங்கள் புகுந்தால் சண்டை உங்களுக்கும் அவருக்கும் என்று ஆகிவிடும், வாங்குபவர் வேடிக்கை பார்ப்பார். கடை அவர்களுடைய இடம், வெளியே போங்கள் என்று சொன்னால் போகத்தான் வேண்டும். விற்பவர் பெட்டி எடுக்க உள்ளே போகும் நேரம் பார்த்து, வாங்குபவர் கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியைக் கொடுங்கள்.

பிரிண்டர் என்றால்: “ஒரு பக்கத்துக்கு மை செலவு என்ன வருதுன்னு கேளுங்க.” கார்ட்ரிட்ஜ் விலையை, அதன் பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கையால் வகுத்தால் விடை வந்துவிடும். பிரிண்டர் மலிவாக இருந்து மை கொள்ளை விலையாக இருப்பது சகஜம். பிரிண்டரோடு வரும் முதல் கார்ட்ரிட்ஜில் பல மாடல்களில் மை குறைவாகவே இருக்கும். அது எத்தனை பக்கம் வரும் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

நீட்டித்த வாரண்டி என்றால் கேட்க வேண்டியது, அது எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று. தயாரிப்பாளர் தரும் வாரண்டி முடிந்த பிறகா, வாங்கிய நாளிலிருந்தேயா? வாங்கிய நாளிலிருந்தே என்றால், கையில் ஏற்கெனவே இருப்பதற்கே மறுபடியும் காசு கொடுக்கிறார். கீழே விழுந்து உடைந்தால் சேருமா என்பது அடுத்தது. பெரும்பாலும் அதற்குத் தனித் திட்டம் இருக்கும்.

“ஏமாத்துறாங்க” என்ற சொல் மட்டும் வாயில் வரக் கூடாது. சீட்டில் அச்சடித்திருப்பதைச் சொன்னால் உங்களை யாரும் எதுவும் கேட்க முடியாது. கடைக்காரரின் யோக்கியதையைப் பற்றிப் பேசினால் கேட்பார்கள்.

கேள்வி: பில் போடும்போது ஒரே பொருள் இரண்டு முறை பதிவானதைப் பார்த்தேன்.

பதில்: யோசிக்காமல் உடனே சொல்லுங்கள், பில் போடுபவரிடம். “அது ரெண்டு தடவ விழுந்துடுச்சு போல.” தட்டில் ஒரு விலை, பில்லில் வேறு விலை என்றாலும் இதுவே. வாங்குபவர் தேர்ந்தெடுத்த விஷயமல்ல இது. இயந்திரத்திலோ கையிலோ நடந்த பிழை. பணம் கட்டுவதற்கு முன் ஒரு வரியை அழிப்பது நொடி வேலை. கட்டிய பிறகு என்றால் மேலாளர், சாவி, கையெழுத்து என்று வரிசையே நின்றுவிடும்.

கேள்வி: பணம் கட்டி வெளியே வந்துவிட்டார். அப்போதும் சொல்லலாமா?

பதில்: பில் கையில் இருந்து, உறை பிரிக்காமல் இருந்து, அந்தக் கடையில் திருப்பி எடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்லுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அவருக்குக் கிடைக்கப் போவது எரிச்சல் மட்டும்தான். விட்டுவிடுங்கள்.